இட்லிப் பானையில் வெந்த மணல்

காலை அந்தப் பக்கம் வச்சுக்கோம்மா. அந்தப் பை மேல படாம. பிளீச்சிங் பவுடர். கடைக்காரன் ரெண்டு கவர் போட்டுத்தான் கட்டிக் குடுத்தான், ஆனா அவன் கட்டுன லட்சணத்தை நான் நம்ப மாட்டேன். சேலையில பட்டா சாயம் போயிரும். கால்ல சின்னக் கீறல் இருந்தாப் போதும், எரிஞ்சு உயிர் போயிரும். ஆங், அப்படி. ஜன்னலைத் திறந்தே வை, நெடி தெரியாது.

இந்தா, கையை நீட்டு. நீட்டும்மா, சானிடைசர்தான். நீ அந்த பஸ் கம்பியைப் பிடிச்சுட்டு ஏறுனதைப் பாத்தேன். எத்தனை பேர் பிடிச்ச கம்பி அது. தேய்ச்சுக்கோ. விரல் இடுக்குல. நகத்துக்கு அடியில. நகத்துக்கு அடியிலதான் எல்லாமே இருக்கும்.

நான் நர்ஸ். இப்ப ரிட்டயர்டு. ரூபவதி சிஸ்டர்னா கோத்தகிரியில தெரியாதவங்க கிடையாது. ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ். நான் இருந்த வரைக்கும் என் தியேட்டர்ல ஒரு கேஸ் செப்டிக் ஆனதில்ல. டாக்டரையே வெளிய நிறுத்தியிருக்கேன். சார், முழங்கை வரைக்கும் கழுவலை, போய்க் கழுவிட்டு வாங்கன்னு. கோவம் வரும். வரட்டுமே. கோவத்துல யாரும் சாகுறதில்ல, செப்டிக் ஆகித்தான் சாகுறாங்க.

பவுடர் எதுக்கா? வீட்டுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டிக்குக் கீழ ஒரு மண்குவியல் இருக்கு. இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள இதை முழுசா அது மேல கொட்டி, தண்ணி ஊத்தி, ஒரு புல்லு கூட முளைக்காம பண்ணிட்டுத்தான் காபி குடிக்கிறதுன்னு வச்சிருக்கேன். கோத்தகிரியில கேட்டா சின்னப் பொட்டலம்தான் இருக்குங்கிறான். எங்க சாருக்கு மாத்திரை வாங்க எப்படியும் மலையை விட்டுக் கீழ இறங்கணும், அதான் சேர்த்தே வாங்கிட்டேன்.

சிரிக்காத. முழுசாக் கேட்டா நீயே ரெண்டு கை அள்ளிப் போடுவே.

எங்க சார்னா என் வீட்டுக்காரர். ஐசக் துரைராஜ். ஸ்கூல்ல பூகோளம் எடுத்தவர், ஊரே சார்னு கூப்பிடும், எனக்கும் அதுவே பழகிருச்சு. நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு. ஆர்க்கிட். கடையில விக்கிற ஊதாப் பூவை நினைச்சுக்காத. மரத்துல தொங்குறதும் இல்ல. இது தரையில முளைக்கிற ஜாதி. மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கும். மழைக்கு முளைச்சு, ஒத்தைத் தண்டு விட்டு, அதுல வெள்ளைப் பூ பூக்கும். பூவுக்குப் பின்னாடி நீளமா வால் தொங்கும். பொழுது சாய்ஞ்சா மணக்கும். மழை போனா இலையும் போச்சு, தண்டும் போச்சு. கிழங்கு மட்டும் உள்ள தூங்கும், அடுத்த மழை வரைக்கும்.

அவர் சிநேகிதர் போஜன் தோட்டத்துக்கு மேல ஒரு சரிவுல இருந்துச்சு. அங்க ரோடு போட ஜேசிபி வருதுன்னு தெரிஞ்சதும் சாரும் போஜனும் ஓடிப்போய், மண்ணோட சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப அந்தச் சரிவுல தார் ரோடுதான் இருக்கு. இந்தச் செடியை வேற எங்கயும் நாங்க பாத்ததில்லேன்னு ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்வாங்க. ஏழு பூந்தொட்டியில நட்டாங்க. காலையில எழுந்ததும் சார் என் முகத்தைப் பாக்க மாட்டார், தொட்டி முகத்தைத்தான் பாப்பார். எனக்கு ஏழு சக்களத்தின்னு சர்ச்சுல பெண்கள் சங்கத்துல சொல்லிச் சிரிப்பேன்.

போன வருஷம் ஆகஸ்ட். ஏழும் பூத்து நின்ன நேரம். தொட்டிகிட்ட குனிஞ்சவர் அப்படியே சாஞ்சிட்டார். வலது கை, வலது கால், வாய். கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டு ஓடி, உயிரோட திரும்பிக் கொண்டாந்தேன். பேச்சு மட்டும் வரலை. "ம்" வரும். "ஆ" வரும். அவ்வளவுதான். எத்தனை பிள்ளைங்களுக்கு நதியும் மலையும் சொல்லிக் குடுத்த வாய்ம்மா அது. அந்த வாயில ஒரு வார்த்தை வரணும்னு நான் ஜெபிச்சது கர்த்தருக்குத்தான் தெரியும். என் பேரைக்கூடச் சொல்ல வேணாம், ஆண்டவரே, ஏதாவது ஒரு வார்த்தைன்னு.

வீட்டுக்கு வந்த மறுநாளே போஜன் வந்துட்டார். பக்கத்து ஊர் அரவேணுல கேரட் போடுறவர், எங்க சாருக்கு வாலிப வயசுல இருந்து சிநேகிதம். வந்த வேகத்துல சேறு அப்புன பூட்ஸோட நேரா பெட்ரூம். ஈரக் கம்பளி. பீடி நெடி. கட்டில் மேலயே உக்காந்து, அவரைக் கட்டிப் பிடிச்சு ஒரே அழுகை. அப்புறம் ஒரே சிரிப்பு. எங்க சாரும் சிரிக்கிறார், எச்சில் ஒழுக ஒழுக. ஏதேதோ சத்தம் போடுறார், பேச வர்ற மாதிரி. போஜனும் அதுக்குப் பதில் சொல்றார், எல்லாம் புரிஞ்ச மாதிரி. நான் வாசப்படியில டெட்டாலோட நிக்கிறேன்.

அந்த வாரமே சாருக்கு நெஞ்சுல சளி. காய்ச்சல். நான் சொன்னேன்ல? ஐ.சி.யூ.ல இருந்து வந்த உடம்பு. அன்னிக்கே முடிவு பண்ணேன், விசிட்டர் யாரும் கிடையாது. யாரும்னா யாரும். போஜன் வருவார், கேட்டுக்கு வெளிய நிப்பார். தூங்குறார்னு சொல்வேன். மறுபடி வருவார். டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்னு சொல்வேன். கேரட்டைக் கேட்டுல மாட்டிட்டு, ஜன்னலைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிருவார். கிறிஸ்மஸ் வரைக்கும் வந்தார். அப்புறம் வரலை. கேரட்டை உப்புத் தண்ணியில ஊறப் போட்டுத்தான் சமைப்பேன்.

அதுக்கப்புறம் வீடு நல்ல அமைதி. சாரும் அமைதி. அந்தச் சத்தமெல்லாம் போடுறதில்ல. ரெஸ்ட் எடுத்தா உடம்பு அப்படித்தான் அடங்கும்.

என்ன, வண்டி நிக்குது? கொண்டை ஊசியில லாரியா? இந்த ரோட்டுல இதே வேலை. மழை வேற இறங்குது. மூணு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்னு பாத்தேன்.

கிழங்குக் கதைக்கு வர்றேன். அந்த ஏழு தொட்டியும் என் பொறுப்புக்கு வந்துச்சு. மனுஷனைப் பாக்கிறேன், அவர் செடியைப் பாக்க மாட்டேனா? குளிர் வந்ததும் இலை மஞ்சளாச்சு. தண்டு காய்ஞ்சுது. அது அப்படித்தான்னு தெரியும், வருஷா வருஷம் பாக்கிறேனே. ஆனா உள்ள கிழங்கு எப்படி இருக்குன்னு பாக்கணுமா இல்லையா? கட்டுப் போட்டுட்டு உள்ள என்னன்னு பாக்காம விட்டா அது நர்சிங்கா?

முதல் தொட்டியைப் பேப்பர்ல கவுத்தேன். ஐயோ, அந்த மண்ணு! மக்கின இலை, பட்டை, பாசி, புழு. பேப்பர் மேல அது ஊருது. உள்ள ரெண்டு கிழங்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு வெளுப்பா, கொழுகொழுன்னு. இன்னொண்ணு கறுத்து, சுருங்கி, அமுக்கினா தண்ணி. அது மேல எல்லாம் நூல் நூலா வெள்ளைப் பூசணம். அழுகின விரலும் நல்ல விரலும் பக்கத்துல பக்கத்துல. நான் எத்தனை கால் பாத்திருக்கேன் அப்படி. என்ன பண்ணுவோம்? அழுகினதை எடுப்போம். பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சு, கறுத்ததை வெட்டி எறிஞ்சேன். நல்லதைப் பஞ்சுல டெட்டால் தண்ணி தொட்டு, பூசணம் ஒரு நூல் இல்லாம துடைச்சேன். வெட்டுன இடத்துல மஞ்சப்பொடி. பழைய மண்ணை அள்ளிப் பின்னாடி தண்ணித் தொட்டிக்குக் கீழ கொட்டியாச்சு. புதுசா ஆத்து மணல் வாங்கி, இட்லிப் பானையில வேக வச்சேன். தியேட்டர்ல ஆவியில கிருமி கொல்ல ஆட்டோகிளேவ், வீட்டுல இட்லிப் பானை. நல்லா ஆவி வந்து, ஆற வச்சு, அதுல நட்டேன். அவ்வளவு சுத்தமான தொட்டியை நீ பாத்திருக்க மாட்டே.

அடுத்த வாரம் திறந்து பாக்கிறேன், தொளதொளன்னு இருக்கு. அதுக்கு அடுத்த வாரம் வெறும் தோல். உள்ள ஒண்ணுமே இல்ல, ஊதுனா பறக்கும்.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. லேட். இன்பெக்‌ஷன் ஏறினதுக்கப்புறம் நான் கை வச்சிருக்கேன். அப்ப மிச்ச ஆறுலயும் உள்ள அதுதானே நடக்குது? ரெண்டாவதை உடனே திறந்தேன். அதே கறுப்பு, அதே வெள்ளை நூல். மூணாவது, நாலாவது, எல்லாத்துலயும்! ஏழு தொட்டிக்கும் பரவியிருக்கு. ஒண்ணுக்கு மஞ்சத்தண்ணி குடுத்தேன். ஒண்ணுக்கு வேப்பெண்ணெய். உரக்கடையில பூசண மருந்து கேட்டு வாங்கி அதையும் குடுத்தேன். தண்ணி அதிகமாயிருச்சோன்னு ஒண்ணைக் காயப் போட்டேன். எலிதான் கொறிச்சுதோன்னு ஒண்ணுக்குக் கம்பி வலை கட்டினேன். தினம் காலையில கிளவுஸ் போட்டு மணலை விலக்கிப் பாத்து, துடைச்சு, திரும்ப மூடுவேன். என்னை மாதிரி யார் பாத்திருப்பா சொல்லு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு, தோலு, தோலு, தோலு.

பிரிசி ஃபோன் பண்ணா. என் பொண்ணு, பெங்களூர்ல இருக்கா. அழுதுட்டே சொன்னேன். அவ என்னவோ ஃபோன்ல தேடிப் படிச்சுட்டு, அம்மா, அந்தக் கறுத்த கிழங்கு போன வருஷத்துதாம், அது வருஷா வருஷம் சுருங்கித்தான் போகுமாம், அதோட சத்தை எடுத்துத்தான் புதுக் கிழங்கு வளருமாம், தூங்குற காலத்துல தோண்டக் கூடாதாம், அந்த வெள்ளைப் பூசணம்தான் அதுக்குச் சோறு ஊட்டுதாம், அது இல்லேன்னா செடி செத்துருமாம்னு வரிசையா ஒப்பிக்கிறா. நான் கேட்டேன், ஏண்டி, பூசணம் சோறு ஊட்டுமா? அப்ப நான் இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில பூசணத்தைத் துடைச்சது எதுக்கு? கட்டில்ல கிடக்கிற அப்பாவைப் பாக்க வர லீவு இல்ல, கிழங்குக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டியான்னு கேட்டு ஃபோனை வச்சிட்டேன். நீயும் ஏன் அப்படிப் பாக்கிறே? நீயும் ஃபோன்ல படிச்சவளா?

சரி. கடைசித் தொட்டி போனது ஈஸ்டருக்கு அப்புறம். சார்கிட்ட சொல்லணுமே. கட்டில் பக்கத்துல உக்காந்து, சார், எல்லாம் போயிருச்சு, நான் செய்யாத வைத்தியம் இல்லேன்னு சொன்னேன். "ம்" கூட இல்ல. சுவரைப் பாத்துத் திரும்பிட்டார். சாப்பாடு அன்னியில இருந்து இறங்கலை. கஞ்சி ரெண்டு ஸ்பூன். வாயை இறுக்கி மூடிக்குவார். எடை இறங்கிட்டே வருது. டாக்டர் சொல்றார், இப்படியே போனா டியூப் போடணும் சிஸ்டர்னு. என் புருஷனுக்கு நானே மூக்குல டியூப் போடணும். புரியுதா உனக்கு? ராத்திரி அவர் மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் நான் படுக்கிறது.

இரு, ஃபோன். மாதி. பக்கத்து வீட்டுக்காரி, நான் வர்ற வரைக்கும் சார்கூட இருக்கச் சொல்லியிருக்கேன். சொல்லு மாதி. ஆமா, பாதி வழியில நிக்குது. என்னது? எதை? கைத்தடியாலயா? எப்பல இருந்து? தட்டட்டும். நீ ஒண்ணும் திறக்க வேணாம், சாவி என்கிட்டதான் இருக்கு. கஞ்சி குடுத்தியா? துப்பிட்டாரா? சரி, ஸ்பூனை வெந்நீர்ல போடு. வந்துடறேன்.

பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்திருக்கேன். மத்தியானத்துல இருந்து தடியால கதவைத் தட்டுறாராம். பிடிவாதம். முன்கதவு திறந்துதானே இருக்கு, மாதி இருக்கா, எல்லாம் இருக்கு. பின்கதவு மட்டும் திறக்கணுமாம்.

ஏன் பூட்டுனேன்னா, அதுதான் கதையே. ஜூன்ல மழை பிடிச்சுது. அதுக்குக் கொஞ்சம் முந்தியே ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். சனிக்கிழமை சாருக்கு நகம் வெட்டுவேன். நகத்துக்கு அடியில கறுப்பு. மண்ணு! நான் தினம் வெந்நீர்ல துடைக்கிற கை. கட்டிலை விட்டு பாத்ரூம் வரைக்கும்தான் தடி ஊனி நடக்கிற மனுஷன். மண்ணு எங்கிருந்து வரும்? மாதி பிள்ளைங்க ஏதாவது தொட்டிருக்கும்னு மாதியைச் சத்தம் போட்டேன். அவ அழுதா. மறுவாரமும் மண்ணு. போஜன்தான் நான் இல்லாத நேரம் பாத்து உள்ள வர்றார்னு முடிவு பண்ணேன். கேட்டுக்குப் பூட்டு. மறுபடியும் மண்ணு. பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன், ரத்தம் வர்ற மாதிரி தேய்க்கிறேன், அவர் என்னையே பாத்துட்டு இருக்கார்.

நேத்துத்தான் பிடிச்சேன். புதன்கிழமை சங்கக் கூட்டம், மழைன்னு சீக்கிரம் முடிஞ்சிருச்சு. வந்து பாத்தா கட்டில் காலி. பாத்ரூம்ல இல்ல. பின்கதவு திறந்து கிடக்கு. படியில தடி கிடக்கு. தடியைப் போட்டுட்டு அந்தப் படியில உக்காந்தே, இழுத்து இழுத்துப் போயிருக்கார். கீழ, தண்ணித் தொட்டிகிட்ட, சேத்துல உக்காந்திருக்கார். தூறல் தலை மேல விழுது. ஒரு கால்ல அட்டை தொங்குது, ரத்தம் ஒழுகுது, அவருக்குத் தெரியவே இல்ல. நான் கொட்டுன அந்த அழுக்கு மண்குவியல். அதுல இடது கையை வச்சு, என்னவோ தட்டிக்குடுத்துட்டு இருக்கார்.

கிட்டப் போய்ப் பாக்கிறேன். செடி. அதே செடிதான், அந்த இலை எனக்குத் தெரியாதா? நான் வெட்டி எறிஞ்ச கறுப்புல ஏதாவது முளைக்கண்ணு ஒட்டியிருந்துச்சோ, மண்ணோட மண்ணாப் பொடிக் கிழங்கு போயிருச்சோ, தெரியலை. நாலஞ்சு முளை. ஒண்ணுல தண்டே ஏறியிருக்கு, மொட்டு வேற. சுத்தி சின்னச் சின்னக் கல்லா அடுக்கி வச்சிருக்கார், தண்ணி அடிச்சுட்டுப் போகாம. ஒத்தைக் கையால. எத்தனை நாள் வேலையோ அது.

நான் வேக வச்ச மணல்ல வராதது, அந்தக் குப்பையில வந்திருக்கு. எனக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்லு. எனக்குச் சந்தோஷமா வரும்? கோவம்தான் வந்துச்சு. கத்துனேன். செப்டிக் ஆகிச் சாகவா உங்களை ஐ.சி.யூ.ல இருந்து தூக்கிட்டு வந்தேன்னு கத்துனேன். அவர் திரும்பிப் பாத்தார். என்னவோ சொன்னார். அதை விடு.

தூக்கிட்டு வந்து, வெந்நீர் வச்சு, டெட்டால் ஊத்திக் குளிப்பாட்டினேன். அட்டையை எடுத்து மருந்து போட்டேன். எல்லாத்துக்கும் உடம்பைக் குடுத்தார், இடது கையை மட்டும் குடுக்கலை. மூடிக்கிட்டார். விரல் விரலாப் பிரிச்சுப் பாத்தேன், முடியலை. அந்தக் கையில அவ்வளவு பலம் இருக்குன்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். மூடுன கையோடயே தூங்குனார். காலையில வெள்ளைப் பெட்ஷீட் பூரா மண்ணு. அப்பவே பின்கதவைப் பூட்டிட்டு, பையை எடுத்துட்டு கிடைச்ச பஸ்ஸுல கிளம்பிட்டேன். அந்தக் குவியல் இருக்கிற வரைக்கும் அவர் போவார். குவியலே இல்லேன்னா?

லாரியை எடுத்துட்டாங்க போல. போ, போ, நல்லா மிதி.

என்ன கேட்டே? எப்ப சாப்பிட்டாரா? இப்பதான் சொன்னேனே, வாயையே திறக்கிறதில்லேன்னு. நடுவுலயா? நடுவுல... இரு. ஜூன்ல ஒரு நாள் பிரட்டைக் காட்டிக் காட்டி வாங்கிச் சாப்பிட்டார். மாத்திரை மாத்துனதால. அப்புறம் ஒரு தடவை ரசம் சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டார், நான் சங்கத்துல இருந்து வந்ததும். புதன்கிழமைதான். அதுக்கு அடுத்த புதன் முட்டை. நான்கூட மாதிகிட்ட சொன்னேன், புதன்கிழமை சபையில அவருக்காக ஜெபிக்கிறோம், அதான் பசி எடுக்குதுன்னு. எடை பாத்தப்ப டாக்டர் டியூப் பேச்சை எடுக்கலை. ஆமா. எடுக்கலை.

நகம் சனிக்கிழமைதானே வெட்டுவேன். அவர் சாப்பிட்ட வாரமெல்லாம் சனிக்கிழமை மண்ணு இருக்கும்.

நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியுது. வேணாம். நீ சின்னப் பிள்ளை. பேஷண்டை வச்சுப் பாத்தாத்தான் தெரியும். கண்ணு முன்னால உயிர் போறதை நான் பாத்திருக்கேன், சின்னக் கீறல்ல போன உயிர், சுத்தம் இல்லாத கை பட்டுப் போன உயிர். நான் கழுவுனா அதுக்குக் காரணம் இருக்கு.

தள்ளி உக்காரு, ஜன்னல்ல சாரல் அடிக்குது. பையை இந்தப் பக்கம் தள்ளு. நனைஞ்சா நெடி தாங்க முடியாது.

மறுபடியும் ஃபோன். சொல்லு மாதி. நிறுத்திட்டாரா? நல்லதாப் போச்சு. என்ன நல்லதில்ல? கதவுகிட்டயேவா? கீழ உக்காந்துட்டாரா, விழுந்துட்டாரா, அதைச் சரியாச் சொல்லு. உக்காந்திருக்கார். நெத்தியைக் கதவுல வச்சுட்டா? கூப்பிட்டுப் பாத்தியா? கண்ணைத் திறக்கிறாரா? மூச்சைப் பாரு, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாரு. இறங்குது. சரி. நீ அவர் பக்கத்துல உக்காரு. கையைப் பிடிச்சுக்கோ. இல்ல மாதி, பரவாயில்ல, அப்படியே பிடிச்சுக்கோ. வேலையாவது ஒண்ணாவது, விட்டுட்டுப் பிடி.

...

இல்லம்மா, ஒண்ணும் இல்ல. மூச்சு இருக்கு. தண்ணி வேணாம். என் பாட்டில் இருக்கு, கொதிக்க வச்ச தண்ணி.

நேத்து என்ன சொன்னார்னு சொல்லவா? அவரைப் பாத்ததும் தூக்கணும்னுதான் ஓடுனேன். குனிஞ்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, வெளிய போயிட்டு வந்த கை, பஸ் கம்பியைப் பிடிச்ச கை, பேஷண்டைத் தொடக் கூடாது. அப்படியே இருங்க, கையைக் கழுவிட்டு ஓடி வந்துடறேன்னு சொல்லிட்டுத் திரும்புனேன். பின்னாடி இருந்து குரல் வந்துச்சு. "கழுவாம வா."

தெளிவா. "ம்" இல்ல, "ஆ" இல்ல. ஸ்கூல்ல பேசுவாரே, அந்தக் குரல். ஒரு வருஷமா நான் முழங்கால் போட்டுக் கேட்ட வார்த்தை. மழையில, சேத்துல, எனக்குப் பின்னாடி. "கழுவாம வா, ரூபா."

நாங்க கல்யாணமான புதுசுல அப்படிக் கூப்பிடுவார்.

நான் என்ன பண்ணேன்னு கேக்காத. பழக்கம்மா. கால் தானா உள்ள போயிருச்சு. சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் வந்தேன். வந்து பாக்கும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அப்புறம் இப்ப வரைக்கும் வாயே திறக்கலை. கதவைத்தான் தட்டியிருக்கார். அதையும் இப்ப நிறுத்திட்டார்.

கண்டக்டர்! அரவேணுல நிறுத்துங்க. இல்ல, என் ஸ்டாப் அடுத்ததுதான், எனக்குத் தெரியாதா? அரவேணுலயே இறங்குறேன்.

போஜன்கிட்ட ஜீப் இருக்கு, அதுக்காகத்தான். என் ஸ்டாப்ல இறங்குனா வீட்டுக்கு ஏறவே நேரமாகும், இந்த மழையில. ஜீப்னா சட்டுனு போயிரலாம். வேற ஒண்ணும் இல்ல. அந்தாளு வருவாரான்னே தெரியலை. கிறிஸ்மஸ் வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிறுத்துனவ நான், இப்ப என் மூஞ்சியில கதவைச் சாத்துனாலும் கேக்க முடியாது. வருவார். எனக்காக வர மாட்டார், சாருக்காக வருவார். பூட்ஸைக் கழட்டச் சொல்ல நேரம் இருக்காது. வரட்டும், பூட்ஸோடயே வரட்டும்.

சாவி இருக்கா? இருக்கு. இங்கதான் இருக்கு.

நீ நல்லாப் படிச்சு வா, கண்ணு. ரொம்பப் பேசிட்டேன். கம்பியை நான் பிடிச்சுக்கிறேன், பரவாயில்ல, நீ உக்காரு. நிறுத்தட்டும், நின்னதும் இறங்குறேன்.

என்ன? பையா? எந்தப் பை? அது என்னுது இல்லம்மா. எவளாவது மறந்து விட்டுட்டுப் போயிருப்பா. கண்டக்டர்கிட்ட குடுத்துரு. மழை படாம ஓரமா வைக்கச் சொல்லு. யாராவது தொட்டா மட்டும் கையை நல்லாக் கழுவச் சொல்லு.